படிக்க வரும் பெரியவர்களிடம் நாம் எதைப் பார்க்கிறோம்?

 

பதுளை, பசறை, லுணுகலை, மடுல்சீமை, ஹாலிஎல, பண்டாரவளை, ஹப்புத்தளைப் பக்கத்து உறவுகளே, இது கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள். உங்கள் வீட்டில் 25 வயதைத் தாண்டிய யாராவது "திரும்பவும் படிக்கலாமா?" என்று யோசித்துக்கொண்டிருந்தால் அவருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

திறந்த பல்கலைக்கழகமோ, வெளிவாரிப் பட்டமோ, தொழில்நுட்பக் கல்லூரியோ விண்ணப்பம் கோரும் காலங்களில் ஆசிரியர்களாகிய எங்களைத் தேடி ஆட்கள் வருவார்கள். தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு நானா வருவார். மனைவியைக் கூட்டிக்கொண்டு கணவர் வருவார். சில நேரம் தாய்க்காக மகளே வருவாள். வந்ததும் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: "சேர், இந்த ரிசல்ட்டுக்குப் படிக்கலாமா?" கையில் மடித்து மடித்துக் கிழிந்துபோன சாதாரண தரப் பெறுபேற்றுத் தாள்.

கேள்வி நியாயமானதுதான். தகுதி இல்லாத பாடநெறிக்கு விண்ணப்பித்துக் காசை வீணாக்கக் கூடாது. ஆனால் அந்தத் தாள் 10 வருடத்துக்கு, 15 வருடத்துக்கு முந்தையது. அப்போது அவருக்கு 16 வயது. அந்தத் தாளுக்குப் பிறகு அவர் வேலைக்குப் போயிருக்கிறார், பிள்ளை பெற்றிருக்கிறார், கடன் கட்டியிருக்கிறார், சிலர் கடல் கடந்தும் போய் வந்திருக்கிறார்கள். அதில் ஒன்றுகூட அந்தத் தாளில் இல்லை.

எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். படிக்கத் தொடங்கிய பெரியவர்கள் இடையில் விடும்போது "மண்டையில் ஏறவில்லை" என்று ஊர் சொல்கிறது. நாங்கள் பார்த்த அளவில் பெரும்பாலும் காரணம் மண்டை கிடையாது. யாரும் சோதித்துப் பார்க்காத வேறு சில விஷயங்களில்தான் அவர்கள் தடுக்கி விழுகிறார்கள். அவற்றை முன்கூட்டியே, ஒரு மணித்தியாலம் உட்கார்ந்து பேசி, பார்த்துவிட முடியும். பார்க்க வேண்டும். ஆனால் கைகொடுப்பதற்காக மட்டுமே பார்க்க வேண்டும். வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்புவதற்காகப் பார்க்கக் கூடாது.

*வாசல் திறந்திருக்கிறது, உள்ளே போனவர்கள் எங்கே?*

2005இல் நம் பதுளையிலேயே ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் வந்தது. சந்தோஷம். ஆனால் அதற்குள் போக உயர்தரப் பரீட்சையும் இசட் புள்ளியும் வேண்டும். 32 வயதில் இரண்டு பிள்ளைகளோடு இருக்கும் ஒரு தாய்க்கு அந்த வழி சரிவராது.

அவருக்கு வேறு வாசல்கள் இருக்கின்றன. 1980இல் தொடங்கிய இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்துக்குப் பதுளையிலும் நிலையம் இருக்கிறது. உயர்தரம் சித்தியடையாதவர்களும் அடிப்படைக் கற்கைநெறியை முடித்து, அங்கிருந்து பட்டப் படிப்புக்குப் போகலாம். பேராதனை போன்ற பல்கலைக்கழகங்கள் வெளிவாரிப் பட்டம் நடத்துகின்றன. தொழில் தெரிந்தவர்களுக்குத் தேசிய தொழிற் தகைமை, அதாவது நாம் என்.வி.கியூ. என்று சொல்வது, 7 மட்டங்களாக இருக்கிறது. நான்காம் மட்டச் சான்றிதழில் தொடங்கி டிப்ளோமா படித்து, 2008ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான ரத்மலானை தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகத்தில் பட்டம் வரைக்கும் ஏறலாம்.

ஆக, வாசல் இருக்கிறது. பிரச்சினை வாசலுக்கு உள்ளே.

திறந்த பல்கலைக்கழக முறையைப் பாருங்கள். இறுதிப் பரீட்சை மட்டும் எழுதினால் போதும் என்று நம்மில் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. வருடம் முழுவதும் ஒப்படைகளும் இடைப் பரீட்சைகளும் இருக்கும். அந்தத் தொடர் மதிப்பீட்டில் போதிய புள்ளி எடுத்தால்தான் இறுதிப் பரீட்சைக்கு இருக்கும் தகுதியே கிடைக்கும். ஒப்படை கொடுக்க வேண்டிய திகதி மலையில் கொழுந்து மலிந்த வாரத்தில் வருகிறது. அல்லது நோன்புப் பெருநாளுக்கு முந்தைய வாரத்தில் வருகிறது, புடவைக் கடையில் நிற்கும் தம்பிக்கு இரவு 11 மணிவரை வேலை. திகதி தவறுகிறது. ஒருதரம் தவறினால் போய்க் கேட்க வெட்கம். இரண்டாம் தரம் தவறினால் புத்தகத்தை அலுமாரிக்கு மேலே வைத்துவிடுவார். பிறகு யாராவது கேட்டால், "எனக்குப் படிப்பு சரிவராது சேர்" என்பார்.

இதில் பாட அறிவு எந்த இடத்தில் குறுக்கே வந்தது? அவர் ஒரு பாடத்திலும் தோற்கவில்லை. பரீட்சை மண்டபத்துக்குப் போகவே இல்லை.

இன்னொரு உதாரணம் எல்லோருக்கும் தெரிந்தது. பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரிய உதவியாளர்கள் எடுக்கப்பட்டார்கள். தொடக்கத்தில் மாதம் 6,000 ரூபா கொடுப்பனவு, பிறகு 10,000 ஆனது. ஆசிரியர் சேவைக்குள் போக அவர்கள் படித்துத் தகைமை எடுக்க வேண்டியிருந்தது. எல்லோரும் உயர்தரம் சித்தியடைந்தவர்கள். அந்தக் கொடுப்பனவில் பஸ்ஸுக்கும் போட்டோ பிரதிக்கும் போக வீட்டுக்கு என்ன மிஞ்சும்? அப்படியிருந்தும் எங்களுக்குத் தெரிந்த சிலர் நேரத்தோடு முடித்தார்கள், சிலருக்கு வருடக் கணக்கில் இழுபட்டது. பெறுபேற்றுத் தாளைப் பார்த்து இந்த வித்தியாசத்தை முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாது. யாருக்கு வீட்டில் பிள்ளையைப் பார்க்க ஆள் இருந்தது, யார் கூச்சப்படாமல் போய்க் கேட்டார்கள், யார் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து படித்தார்கள் என்பதைப் பார்த்திருந்தால் ஓரளவு சொல்லியிருக்கலாம்.

*வெளிநாட்டில் இதை எப்படிப் பார்த்தார்கள்?*

இது நாங்கள் புதிதாகக் கண்டுபிடித்த விஷயம் கிடையாது. அமெரிக்காவில் மேரிலண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் செட்லசெக் என்ற பேராசிரியர் பல வருடங்கள் இதையே ஆராய்ந்தார். பரீட்சைப் புள்ளிக்கு வெளியே ஒரு மாணவரிடம் பார்க்க வேண்டியவை என்று 8 விஷயங்களைச் சொன்னார். தன் பலத்தையும் பலவீனத்தையும் உள்ளபடி அறிந்திருத்தல், தூரத்து இலக்குக்காக இன்றைய ஆசையைத் தள்ளிவைத்தல், தனக்குப் பாதகமாக இருக்கும் அமைப்புக்குள்ளும் வழி தேடிக்கொள்ளுதல், நெருக்கடியில் பின்னால் நிற்க ஒரு ஆள் இருத்தல், பள்ளிக்கு வெளியே கற்றுக்கொண்ட அறிவு, தலைமை தாங்கிய அனுபவம் என்று அந்தப் பட்டியல் போகிறது. 1999இல் தொடங்கிய கேட்ஸ் மில்லேனியம் புலமைப்பரிசில் திட்டம் ஏழைச் சிறுபான்மை மாணவர்களைத் தெரிவு செய்ய இவற்றைப் பயன்படுத்தியது.

அந்தப் பட்டியலை மறுபடி வாசியுங்கள். தனக்குப் பாதகமான அமைப்புக்குள் வழி தேடுதல். பள்ளிக்கு வெளியே கற்ற அறிவு. லயத்துக்குள் வளர்ந்த ஒரு பெண்ணுக்கும், 14 வயதில் கடையில் வேலைக்கு நின்ற ஒரு பையனுக்கும் இவை இரண்டும் பழகிப்போன விஷயங்கள்.

*டிக் போடும் தாளை நம்பலாமா?*

இங்கேதான் கவனம் வேண்டும். இப்படிப்பட்ட திறன்களை அளப்பதற்கு இணையத்தில் எத்தனையோ தாள்கள் கிடைக்கின்றன. "நான் தொடங்கிய வேலையை முடிப்பேன்: ஆம் / ஓரளவு / இல்லை." "நான் நேரத்தைத் திட்டமிடுவேன்: ஆம் / ஓரளவு / இல்லை." 30 கேள்விக்கு டிக் போட்டால் ஒரு புள்ளி வரும். சில பயிற்சி நிலையங்கள் இவற்றைத் தமிழாக்கி ஆட்களிடம் கொடுக்கின்றன.

இவற்றில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. விடாமுயற்சியைப் பற்றி எழுதிப் புகழ்பெற்ற ஏஞ்சலா டக்வர்த், டேவிட் யேகர் என்ற இன்னொரு ஆய்வாளரோடு சேர்ந்து 2015இல் எழுதிய கட்டுரையில் அந்த ஓட்டையைச் சொன்னார். மனிதர்கள் தங்களைச் சுற்றி இருப்பவர்களோடு ஒப்பிட்டுத்தான் தங்களுக்குப் புள்ளி போட்டுக்கொள்வார்கள். உழைப்பாளிகள் நடுவில் இருப்பவர் தன்னைச் சோம்பேறி என்று எழுதுவார். சோம்பேறிகள் நடுவில் இருப்பவர் தன்னை உழைப்பாளி என்று எழுதுவார். ஆகவே இந்தத் தாள்களை வைத்து ஆட்களைத் தெரிவு செய்யவோ தள்ளவோ கூடாது என்று அந்தத் துறையின் ஆட்களே எச்சரித்தார்கள்.

நம் ஊரில் இது எப்படி இருக்கும் தெரியுமா? தோட்டத்துப் பெண் ஒருவர் விடியற்காலை 4 மணிக்கு எழும்புகிறார். சமைத்து, பிள்ளைகளை வெளிக்கிடுத்தி, சின்னதைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு, பெரட்டுக்குப் போய், மலை ஏறி, நிறை குறையாமல் கொழுந்து எடுத்து, பின்னேரம் வந்து விறகும் தண்ணீரும் பார்த்து மறுபடி சமைக்கிறார். அவரிடம் "நீங்கள் கடினமாக உழைப்பவரா?" என்று தாளைக் கொடுத்தால் "ஓரளவு" என்றுதான் டிக் போடுவார். ஏனென்றால் பக்கத்துக் காம்பராக்காரியும் அதையேதான் செய்கிறார். டவுனில் மின்விசிறிக்குக் கீழே படிக்கும் பிள்ளை "ஆம்" என்று போட்டுவிடும்.

மத்திய கிழக்குக்குப் போய் வந்த சகோதரிகளையும் பாருங்கள். மொழி தெரியாத வீட்டுக்குள் போய்ச் சில மாதத்தில் அரபு பேசப் பழகியிருப்பார். பாஸ்போர்ட், விசா, ஏஜென்சி, தூதரகம், காசு அனுப்புவது எல்லாம் தனியாகப் பார்த்திருப்பார். வந்து எங்கள் முன்னால் உட்கார்ந்து என்ன சொல்வார்? "எனக்கு என்ன சேர் தெரியும், வீட்டு வேலதானே செஞ்சேன்." தன்னைத் தானே குறைத்து மதிப்பிடும் இந்தப் பழக்கத்தை அந்த டிக் தாள் அப்படியே எழுதி, முத்திரையும் குத்திக் கொடுத்துவிடும்.

*நம் நாட்டிலேயே ஒரு நல்ல முன்மாதிரி*

இதற்கு வழி தேடி அமெரிக்கா வரை போகத் தேவையில்லை. என்.வி.கியூ. முறையில் "முன்கற்றலை அங்கீகரித்தல்" என்று ஒன்று இருக்கிறது. நைட்டா என்று நாம் சுருக்கிச் சொல்லும் பயிலுனர் பயிற்சி அதிகாரசபை அதைச் செய்கிறது. பத்து வருடமாக மேசன் வேலை செய்யும் ஒருவர், எந்த வகுப்புக்கும் போகாதவர், விண்ணப்பிக்கலாம். அவர் செய்த வேலைகளுக்கான ஆதாரங்களைக் கேட்பார்கள், பேசிப் பார்ப்பார்கள், செய்து காட்டச் சொல்வார்கள். தொழில் கை வந்திருந்தால் சான்றிதழ் கொடுப்பார்கள். குறை இருந்தால் எந்த இடத்தில் குறை என்று சொல்வார்கள்.

"நீங்கள் நல்ல மேசனா?" என்று கேட்டு டிக் போட வைப்பதில்லை. சுவரைக் கட்டிக் காட்டச் சொல்கிறார்கள்.

சுவருக்குச் சரி என்றால் படிப்புப் பழக்கத்துக்கும் இதே வழி சரிதான். "நேரத்தைத் திட்டமிடுவீர்களா?" என்ற கேள்வியை விட்டுவிட்டு, அவர் ஏற்கெனவே வாழ்ந்த வாழ்க்கையில் ஆதாரத்தைத் தேடுவோம். 12 பேரைச் சேர்த்து 12 மாதம் சீட்டுப் பிடித்து, ஒருவருக்கும் குறைவில்லாமல் கொடுத்து முடித்த ஒரு அம்மாவுக்குத் திகதியும் கணக்கும் நம்பிக்கையும் என்னவென்று நாம் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. மரண உதவிச் சங்கத்துக்குச் செயலாளராக இருந்தவருக்குக் கூட்டறிக்கை எழுதத் தெரியும். கடையில் கடன் கொப்பி பார்த்தவருக்கு யார் எவ்வளவு, எப்போது என்று ஒழுங்காகப் பதியத் தெரியும். இதையெல்லாம் அவரே சொல்லமாட்டார். கேட்டு எடுக்க வேண்டும்.

*அப்படியானால் எதைப் பார்ப்பது?*

சேர்வதற்குக் காசு கட்டுமுன் ஒரு மணித்தியாலம். நம்பிக்கையான ஒரு ஆசிரியரோ, ஏற்கெனவே இப்படிப் படித்து முடித்த ஒருவரோ முன்னால் உட்கார வேண்டும். நாங்கள் பரிந்துரைப்பது 6 விஷயங்கள்.

1. நேரம். "நேரம் இருக்கா?" என்று கேட்டால் எல்லோரும் "சமாளிப்பேன்" என்பார்கள். போன வாரத்தை எழுதச் சொல்லுங்கள். செவ்வாய்க்கிழமை இரவு 7 மணியிலிருந்து 9 மணிவரை என்ன செய்தீர்கள்? வெள்ளிக்கிழமை? அந்தத் தாளில் வாரத்துக்கு 8 மணித்தியாலம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று இருவருமாகத் தேடுங்கள். கிடைக்கவில்லையா? அப்போது குறைந்த பாடங்களோடு தொடங்கலாம், அல்லது ஒரு வருடம் தள்ளிப் போடலாம். மாவு அரைப்பதையும் தண்ணீர் தூக்குவதையும் வீட்டில் வேறு யார் எடுத்துக்கொள்வது என்றும் பேசலாம்.

2. கேட்டுப் பெறும் பழக்கம். நம் ஆட்களுக்கு இது பெரிய தடை. அலுவலகம் என்றாலே கைகட்டி நிற்கப் பழக்கப்பட்ட பரம்பரை. "பிரச்சினை வந்தால் கேட்பீங்களா?" என்று கேட்காதீர்கள். அந்த இடத்திலேயே ஒரு தொலைபேசி அழைப்பு எடுக்க வையுங்கள். படிப்பு நிலையத்துக்கு எடுத்து, ஒரு சந்தேகம் கேட்கட்டும். சிங்களத்தில் கேட்க வேண்டி வந்தால் கேட்கட்டும். வார்த்தை தடுமாறினாலும் பரவாயில்லை. முதல் தடவை உங்கள் பக்கத்தில் இருந்து எடுத்தவர் இரண்டாம் தடவை தனியாக எடுப்பார்.

3. பத்திரங்கள். இது திறனா என்று கேட்பீர்கள். மலையகத்தில் இது பெரிய திறன். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்துக்குப் பிறகு பத்திரம் என்றால் என்ன பாடுபட்டோம் என்பது தோட்டத்துக் குடும்பங்களுக்குத் தெரியும். 2003இல் வந்த சட்டத்தோடு பிரஜாவுரிமை தீர்ந்தாலும் பெயர்ச் சிக்கல் தீரவில்லை. பிறப்பத்தாட்சியில் ஒரு பெயர், பாடசாலைப் பதிவில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொன்று. முஸ்லிம்களிலும் முஹம்மது, மொஹமட், மொஹமத் என்று ஒரே ஆளுக்கு மூன்று எழுத்து. எல்லாவற்றையும் ஒரு கோவையில் போட்டுக் கொண்டுவரச் சொல்லுங்கள். பிழை இருந்தால் திருத்தும் வேலையை அன்றே தொடங்குங்கள். விண்ணப்பத்தின் கடைசி நாளில் கச்சேரிக்கு ஓடுவது வேண்டாம்.

4. விழுந்தபின் எழும்புதல். "தோல்வி வந்தால் தாங்குவீர்களா?" என்பது பயனில்லாத கேள்வி. இதற்கு முன் எதையாவது இடையில் விட்டிருக்கிறாரா, பிறகு என்ன செய்தார் என்று கேளுங்கள். கணிதத்தில் தவறி, மூன்றாம் முறை எழுதிச் சித்தியடைந்தவர் எத்தனை பேர் நம் ஊரில்? அவர்கள் வெட்கப்பட்டு மறைக்கும் அந்த இரண்டு தோல்விகளும், அடுத்த முறையும் போய் உட்கார்ந்ததும்தான் நாங்கள் தேடும் ஆதாரம்.

5. தன்னைத் தான் அறிதல். அவர் படிக்கப் போகும் மொழியில் இரண்டு பக்கம் கொடுங்கள். வாசிக்குமுன் "எவ்வளவு விளங்கும்?" என்று கேளுங்கள். அரை மணித்தியாலம் கழித்து, விளங்கியதைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள. சொன்னதற்கும் விளங்கியதற்கும் எவ்வளவு தூரம் என்று இருவரும் பார்க்கலாம். ஆங்கில மூலப் பாடநெறிக்குப் போகிறவர்களுக்கு இது மிகவும் அவசியம். முதலில் ஆறு மாதம் ஆங்கிலம் படித்துவிட்டுப் போனால் தப்பிப்பவர்கள், நேரே போய் முதல் பருவத்திலேயே மனம் உடைகிறார்கள்.

6. பின்னால் நிற்கும் ஆள். வகுப்பு நாளில் பிள்ளையை யார் பார்ப்பது? மடுல்சீமையிலிருந்து பதுளைக்கு வந்து திரும்பும் பஸ் தவறினால் யார் வருவது? கேள்விக்குப் பதில் ஒரு பெயராக இருக்க வேண்டும். அந்த ஆளையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லுங்கள். கணவராக இருந்தால் அவருடைய வாயாலேயே "ஞாயிற்றுக்கிழமை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று வரவேண்டும். மாமியாராக இருந்தால் அவரிடம் மரியாதையாகப் பேசிச் சம்மதம் வாங்குங்கள். மாமியாரின் ஒரு சொல்லுக்கு எங்கள் பத்துச் சொல்லை விடப் பலம் அதிகம்.

இவற்றோடு செலவையும் கூட்டிப் பாருங்கள். பதிவுக் கட்டணத்தை மட்டும் பார்த்து ஏமாறுகிறவர்கள் அதிகம். பஸ், போட்டோ பிரதி, டேட்டா, பகல் சாப்பாடு, வகுப்புக்குப் போன நாளில் இழக்கும் பேர், எல்லாம் சேர்த்து மாதத்துக்கு எவ்வளவு? அந்தக் காசு எங்கிருந்து வரும்?

ஆறுக்கும் புள்ளி போடாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இரண்டு வரி எழுதுங்கள்: இருப்பது என்ன, சேர்க்க வேண்டியது என்ன. அந்தத் தாள் அவருடைய கையில் இருக்கட்டும். முதல் ஒப்படை கொடுத்த வாரத்தில் மறுபடி எடுத்துப் பாருங்கள். வருட முடிவு வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும்.

*மறுப்புச் சொல்பவர்களுக்கு*

"பரீட்சைப் புள்ளி ஒன்றுதான் நியாயமானது. குணம், திறமை என்று பார்க்கத் தொடங்கினால் ஆள் பிடிக்கிறவர்களுக்கு வாசல் திறந்த மாதிரி" என்று சிலர் சொல்வார்கள். இந்தப் பயம் நியாயமானது. நேர்முகப் பரீட்சை என்றாலே கடிதம் வாங்கிப் போகும் நாடு இது. விளையாட்டுச் சான்றிதழுக்கும் சங்கப் பதவிக்கும் புள்ளி என்று வரும்போது, மைதானமே இல்லாத தோட்டப் பாடசாலைப் பிள்ளை எதைக் கொண்டுபோய்க் கொடுக்கும்? அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறோம்: இதைத் தெரிவுக்குப் பயன்படுத்தவே கூடாது. சேர்வதற்குத் தகுதி யாருக்கு என்பதை நிறுவனத்தின் விதிகள் சொல்லட்டும். சேர்ந்தவர் விழாமல் போவதற்கு மட்டுமே இந்த ஒரு மணித்தியாலம்.

இன்னொரு மறுப்பு எங்களுக்கு இன்னும் முக்கியமானது. "ஏழைக்கு இல்லாதது காசும் வசதியும். அவனிடம் போய் விடாமுயற்சி இருக்கா, ஒழுக்கம் இருக்கா என்று கேட்பது அவமானம்" என்கிறார்கள். உண்மை. குறை ஆளிடம்தான் என்று நினைத்துக் கேட்டால் அது அவமானம்தான்.

நியூயோர்க் நகரப் பல்கலைக்கழகத்தின் கல்லூரிகளில் 2007இல் ஒரு திட்டம் தொடங்கினார்கள். வறிய மாணவர்களுக்குக் கட்டணத்தின் மீதி, பாடப் புத்தகம், பயண அட்டை, அடிக்கடி சந்தித்துப் பேச ஒரு ஆலோசகர், இவ்வளவும் கொடுத்தார்கள். உதவி கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வில், மூன்று வருடத்துக்குள் பட்டம் முடித்தவர்கள் உதவி கிடைக்காத பக்கத்தில் சுமார் 22 வீதம், கிடைத்த பக்கத்தில் சுமார் 40 வீதம். குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்ட ஒரே மாதிரியான மாணவர்கள். அதே ஊர், அதே கல்லூரி. பஸ் காசும் விசாரிக்க ஒரு மனிதரும் கிடைத்தபோது முடித்தவர்கள் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஆனார்கள்.

அதனால் அந்த ஆறு கேள்விகளும் படிக்க வருபவரைப் பற்றிய விசாரணை என்று எடுக்காதீர்கள். அவை நம்மைப் பற்றியும்தான். நேரம் இல்லை என்று பதில் வந்தால் அந்த வீட்டு ஆண்கள் என்ன செய்கிறார்கள் என்ற கேள்வி வருகிறது. பின்னால் நிற்க ஆள் இல்லை என்று பதில் வந்தால் இந்த ஊர் என்ன செய்கிறது என்ற கேள்வி வருகிறது.

*நாம் செய்யக்கூடியது*

பள்ளிவாசல் நிர்வாகங்களுக்கும் கோயில் பரிபாலன சபைகளுக்கும் தோட்டத்து இளைஞர் சங்கங்களுக்கும் நாங்கள் கேட்பது பெரிய விஷயங்கள் இல்லை.

ஒன்று, வாரத்தில் ஒரு இரவு, மண்டபத்தில் ஒரு மேசை, நல்ல வெளிச்சம், இணைய இணைப்பு. லயத்துக் காம்பராவில் ஆறு பேர் நடுவே ஒப்படை எழுத முடியாது. சிக்னல் தேடி மேட்டுக்கு ஏறி நின்று இணைய வகுப்புக் கேட்ட கொரோனாக் காலம் இன்னும் மறக்கவில்லை.

இரண்டு, ஊருக்கு ஒருவர். பேராசிரியர் தேவையில்லை. வளர்ந்த பின் படித்து முடித்த ஒரு ஆண் அல்லது பெண் போதும். மாதம் ஒருதரம் "ஒப்படை கொடுத்தாச்சா?" என்று கேட்கும் ஒரு ஆள். பெண்களுக்குப் பெண்ணே இருந்தால் வீட்டிலும் தடை குறையும்.

மூன்று, சிறு பயண நிதி. புலமைப்பரிசில் என்று மேடை போட்டுக் கொடுக்கும் பெரிய தொகையை விட, வகுப்பு நாளில் கையில் கிடைக்கும் பஸ் காசு ஒரு பெரியவரைப் படிப்புக்குள் வைத்திருக்கும். பதுளை டவுனில் கடை வைத்திருக்கும் முதலாளிமாருக்கு இது பெரிய தொகை இல்லை. அதோடு இன்னொன்றும்: உங்கள் கடையில் நிற்கும் பையன் படிக்கிறான் என்றால் பரீட்சைக்கு முந்தைய இரண்டு நாளும் லீவு கொடுங்கள். சம்பளத்தை வெட்டாதீர்கள். அவன் வாழ்நாள் முழுவதும் உங்களுக்காக துஆ செய்வான்.

படிப்பு நிலையங்களில் கடமை செய்யும் சகோதரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வகுப்புத் திகதியையும் ஒப்படைத் திகதியையும் தமிழிலும் அனுப்புங்கள். ஒருவர் இரண்டு ஒப்படை தவறவிட்டால் ஒரு அழைப்பு எடுத்துக் கேளுங்கள். நீங்கள் கேட்ட அந்த ஒரு வார்த்தையில் திரும்பி வந்தவர்களை எங்களுக்குத் தெரியும்.

உறவுகளே, நம் தோட்டங்களில் பாட்டிமாருக்குக் கைநாட்டு. அம்மாமாருக்கு ஐந்தாம் வகுப்பு. இன்று 30 வயதில் இருக்கும் மகள்மார் சாதாரண தரம் வரை வந்து நின்றிருக்கிறார்கள். அவர்கள் இன்னொரு படி ஏறினால் அவர்களுடைய பிள்ளைகள் எங்கே நிற்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அம்மா மேசையில் உட்கார்ந்து படிப்பதைப் பார்த்து வளரும் பிள்ளைக்கு நாங்கள் பாடசாலையில் தனியாக ஊக்கம் கொடுக்கத் தேவையில்லை.

அடுத்த விண்ணப்பக் காலம் வருமுன் உங்கள் வீட்டில், உங்கள் லயத்தில், உங்கள் மஹல்லாவில் அப்படி யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். பெறுபேற்றுத் தாளோடு அந்தப் பத்திரக் கோவையையும், பின்னால் நிற்கப்போகும் அந்த ஆளையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு வாருங்கள். உங்கள் ஊர்ப் பாடசாலையில் எந்த ஆசிரியரிடம் போனாலும் ஒரு மணித்தியாலம் ஒதுக்குவார், இன்ஷா அல்லாஹ்.